ஆங்கிலத்தில் 'ஆன்', 'ஃபார்', 'டு' எல்லாம் எப்போது உதிரும்?

கேள்வி இதுதான்: உடன் வேலை செய்பவர் 'ஐ வில் சீ யூ மண்டே' என்று எழுதுகிறார். பள்ளியில் 'ஆன் மண்டே' என்றுதானே படித்தோம்? 'ஐ ஸ்டேய்ட் தேர் டூ வீக்ஸ்' என்கிறார்கள், அதில் 'ஃபார்' எங்கே போனது? இந்தக் குட்டிச் சொற்களை எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது? 'கிவ் மீ எ பென் டு ரைட்' என்று நான் எழுதியதை மட்டும் ஏன் திருத்தினார்கள்?

முதல் இரண்டு வாக்கியங்களும் சரி. மூன்றாவதைக் கடைசியில் பார்க்கலாம். உதாரணங்களை வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குத்தான் இது சீக்கிரம் பிடிபடும்.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும் என்பது என் கருத்து. 'திங்கட்கிழமை பார்க்கலாம்' என்கிறோம். 'திங்கட்கிழமையில் பார்க்கலாம்' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் 'ஆறு மணிக்குப் பார்க்கலாம்' என்பதில் 'க்கு' கட்டாயம் வேண்டும். ஆங்கிலமும் அப்படியே: 'சீ யூ மண்டே' சரி, 'சீ யூ சிக்ஸ்' சரியில்லை, 'அட் சிக்ஸ்' என்றே சொல்ல வேண்டும். கிழமையின் பெயரை வாக்கியத்தில் வைத்தாலே அது 'எப்போது' என்ற கேள்விக்கு விடை என்று புரிந்துவிடுகிறது. 'ஆறு' வெறும் எண். ஆறு பேரா, ஆறு பழமா, ஆறு மணியா என்று யாராவது சொல்ல வேண்டும், அந்த வேலையை 'அட்' செய்கிறது. நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு: வேற்றுமைத்தொகை. 'பால் குடித்தான்' என்றால் 'பாலை' என்பதன் 'ஐ' மறைந்து நிற்கிறது. கேட்பவர் அதைத் தானே போட்டுக்கொள்கிறார். ஆங்கிலத்தில் ப்ரிபொசிஷன், அதாவது 'ஆன்', 'அட்', 'ஃபார்' போன்ற இந்தக் குட்டிச் சொல், உதிர்வதும் பெரும்பாலும் இப்படித்தான். பெயர்ச்சொல்லோ வினைச்சொல்லோ அந்த உறவைச் சொல்லிவிட்டால் குட்டிச் சொல்லுக்கு வேலை இல்லை.

காலச் சொற்களில் இது நன்றாகத் தெரியும். கிழமைக்கும் தேதிக்கும் முன் 'ஆன்' விருப்பம்தான். அமெரிக்கர்கள் தாராளமாக விடுவார்கள், பிரிட்டிஷார் எழுத்தில் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். அமெரிக்கச் செய்தி நடையில் விடுவதே வழக்கம், ஆனால் குழப்பம் வரும் இடத்தில் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். 'தி கமிட்டி வில் டிஸ்கஸ் மண்டே' என்று எழுதினால் குழு திங்கட்கிழமை கூடி விவாதிக்கிறதா, திங்கட்கிழமையைப் பற்றியே விவாதிக்கிறதா? இங்கே 'ஆன்' இல்லாமல் தீராது. மாதத்துக்கும் வருடத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. 'ஐ ஜாயின்ட் ஜூன் ஃபிஃப்த்' அமெரிக்க நடையில் ஓடும், 'ஐ ஜாயின்ட் ஜூன்' ஓடாது, 'இன் ஜூன்' வேண்டும். அதேபோல 'ஐ வில் கம் மார்னிங்' என்பது நம்மவர்கள் நிறையப் பேர் சொல்லும் தவறு. தனியாக நின்றால் 'இன் தி மார்னிங்'. 'மண்டே மார்னிங்' என்று கிழமையோடு ஒட்டிவிட்டால் 'ஆன்' இல்லாமலும் வரும், 'டுமாரோ மார்னிங்' என்றால் எதுவுமே கூடாது.

மணிக்கு முன்னால் 'அட்' கட்டாயம் என்றேன். ஒரு தளர்வு உண்டு: 'அபவுட்', 'அரவுண்ட்' போன்ற தோராயச் சொல் வந்தால் அதுவே போதும். 'ஹி கேம் அரவுண்ட் சிக்ஸ்.' கேள்வியிலும் 'வாட் டைம் டஸ் இட் ஸ்டார்ட்?' என்றுதான் பேசுகிறார்கள். 'அட் வாட் டைம்' தவறில்லை, கொஞ்சம் விறைப்பு.

விடலாம் என்பது ஒன்று, விட்டே ஆக வேண்டும் என்பது வேறு. இரண்டாவதில்தான் நாம் அதிகம் வழுக்குகிறோம். 'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' இந்த நான்கும் காலச் சொல்லுக்கு முன்னால் வந்துவிட்டால் 'ஆன்', 'இன்', 'அட்' எதுவும் வரக்கூடாது. 'ஆன் நெக்ஸ்ட் மண்டே', 'இன் லாஸ்ட் இயர்', 'ஆன் எவ்ரி டே' எல்லாம் தவறு. அலுவலகக் கடிதங்களில் 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' வராத நாளே இல்லை என்று எனக்குத் தோன்றும். ஆனால் நடுவில் 'தி' வந்தால் கதை மாறும். 'லாஸ்ட் இயர்' என்றால் போன வருடம், 'இன் தி லாஸ்ட் இயர்' என்றால் இன்றிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு மாதம். இரண்டும் சரி, பொருள்தான் வேறு.

'ஆன் டுமாரோ', 'ஆன் டுடே' ஏன் கூடாது என்பதற்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. 'டுமாரோ'வின் தலையில் நிற்கும் 'டு' ஒரு காலத்தில் தனிச் சொல்லாக இருந்த ப்ரிபொசிஷன்தான், 'டுடே', 'டுநைட்' இரண்டிலும் அதேதான். அதற்கு முன்னால் 'ஆன்' போடுவது 'நாளைக்குக்கு' என்று சொல்வது மாதிரி. இப்படிச் சொல்லுக்குள்ளேயே கரைந்துபோனவை இன்னும் இருக்கின்றன. 'அவே', 'அஸ்லீப்', 'அலைவ்' ஆகியவற்றின் முதல் 'அ' பழைய 'ஆன்' தேய்ந்த மிச்சம். 'டுவைஸ் எ டே' என்பதில் வரும் 'எ' கூட ஆதியில் 'ஒரு' என்ற பொருளில் வந்ததல்ல, அதுவும் அந்த 'ஆன்'தான். 'சிக்ஸ் ஓ க்ளாக்' என்பதில் 'ஓ' என்று முனகுவது 'ஆஃப் தி'யின் எச்சம். ஆகவே பல இடங்களில் ப்ரிபொசிஷன் உதிரவில்லை, சொல்லுக்குள் குடிபுகுந்துவிட்டது.

'அப்ராட்' அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அதனால்தான் 'ஹி வென்ட் டு அப்ராட்' தவறு, 'ஹி வென்ட் அப்ராட்' போதும். 'ஹோம்' வேறு வழியில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் நம் மொழியைப் போல வேற்றுமை உருபுகள் இருந்தன. வீட்டை நோக்கிப் போவதை இரண்டாம் வேற்றுமைக்கு நிகரான வடிவத்தில் நிறுத்திச் சொன்னார்கள், 'டு' தேவைப்படவில்லை. பின்னால் உருபுகள் பெரும்பாலும் தேய்ந்துபோய் அவற்றின் வேலையை ப்ரிபொசிஷன்கள் எடுத்துக்கொண்டன, 'கோ ஹோம்' மட்டும் அப்படியே தங்கிவிட்டது. நாம் 'வீடு திரும்பினான்' என்று 'க்கு' இல்லாமல் சொல்கிறோமே, அதே ஓசை. 'ஹியர்', 'தேர்', 'அப்ஸ்டேர்ஸ்', 'டவுன்ஸ்டேர்ஸ்' இவற்றுக்கு முன்னும் 'டு' வராது. ஆனால் யாருடைய வீடு என்று சொல்லிவிட்டால் 'ஹோம்' சாதாரணப் பெயர்ச்சொல் ஆகிவிடும்: 'ஹி வென்ட் டு ஹிஸ் பேரன்ட்ஸ் ஹோம்'. வீட்டில் இருப்பதைச் சொல்லும்போது 'ஸ்டே ஹோம்' அமெரிக்க வழக்கு, 'ஸ்டே அட் ஹோம்' எங்கும் செல்லும்.

அமெரிக்கர்கள் 'ஷி வொர்க்ஸ் நைட்ஸ்' என்பதைக் கேட்டால் வெறும் பன்மை மாதிரி இருக்கும். அதன் வேர் பழைய ஆறாம் வேற்றுமை வடிவம். 'இரவுகளில்' என்பதன் 'இல்' அந்த 'ஸ்'ஸிலேயே ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, 'ஃபார்' விஷயத்துக்கு வருவோம். இங்கே தமிழ்க் காது அபாரமாக உதவும். 'இரண்டு வாரம் தங்கினேன்' என்கிறோம், உருபு இல்லை. 'இரண்டு வாரத்துக்குப் போகிறேன்' என்கிறோம், உருபு இருக்கிறது. முதலாவது நடந்து முடிந்த காலத்தின் நீளம், இரண்டாவது போட்டிருக்கும் திட்டம். ஆங்கிலத்திலும் 'ஐ ஸ்டேய்ட் டூ வீக்ஸ்' என்று விடலாம், 'ஐ அம் கோயிங் தேர் ஃபார் டூ வீக்ஸ்' என்பதில் விட முடியாது. 'ஸ்டே', 'வெயிட்', 'லிவ்' போல ஒரே நிலையில் தொடர்ந்து இருப்பதைச் சொல்லும் வினைகளுக்குப் பக்கத்தில்தான் 'ஃபார்' எளிதாக உதிரும். வினைக்கு ஏற்கெனவே ஒரு செயப்படுபொருள் இருந்தால் தயங்கும்: 'ஐ டாட் ஹர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்பதில் 'ஃபார்' இல்லாவிட்டால் 'த்ரீ இயர்ஸ்' என்பது அவளுக்குக் கற்றுத்தந்த பாடம் மாதிரி தொங்கும். வாக்கியத்தின் தொடக்கத்தில் காலம் வந்தால் வையுங்கள்: 'ஃபார் டென் இயர்ஸ் ஹி லிவ்ட் அலோன்'. எதிர்மறையிலும் வையுங்கள்: 'ஐ ஹேவ் நாட் சீன் ஹிம் ஃபார் இயர்ஸ்'. 'ஆல் டே', 'ஆல் வீக்' என்று 'ஆல்' முன்னால் வந்தால் 'ஃபார்' போடவே கூடாது. 'இட் டுக் டூ அவர்ஸ்' என்பதிலும் கூடாது. 'தி மீட்டிங் லாஸ்டட் டூ அவர்ஸ்' என்பதில் போட்டால் தவறில்லை, ஆனால் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

வினைச்சொற்களை ஒட்டி வரும் ப்ரிபொசிஷன்தான் இந்தப் பேச்சில் எனக்குப் பிடித்த பகுதி. இங்கே உதிர்ந்தால் பல சமயம் பொருளும் நகர்கிறது. 'ஹி ஷாட் அட் தி பேர்ட்' என்றால் பறவையை நோக்கிச் சுட்டான், அது பறந்தும் போயிருக்கலாம். 'ஹி ஷாட் தி பேர்ட்' என்றால் குண்டு பட்டுவிட்டது. 'தே சர்ச்ட் ஃபார் தி மேன்' என்றால் ஆளைத் தேடினார்கள், 'தே சர்ச்ட் தி மேன்' என்றால் ஆள் கையில் இருக்கிறான், அவன் சட்டைப்பையைச் சோதிக்கிறார்கள். 'ஐ பிலீவ் யூ' என்பது நீ இப்போது சொன்னதை நம்புகிறேன், 'ஐ பிலீவ் இன் யூ' என்பது உன்மேலேயே நம்பிக்கை வைத்திருக்கிறேன். 'ஷி ஸ்வாம் இன் தி ரிவர்' என்றால் ஆற்றில் நீந்தினாள். 'ஷி ஸ்வாம் தி ரிவர்' என்றால் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போய்விட்டாள். நடுவில் எதுவும் இல்லாதபோது வினை நேராகப் பொருளைத் தொடுகிறது, முழுதாக ஆட்கொள்கிறது. 'ஆறு நீந்தினாள்', 'மலை ஏறினான்' என்பவை தமிழிலும் ஏதோ சாதித்துவிட்ட தொனியில் ஒலிப்பதைக் கவனியுங்கள். எல்லா வினையிலும் இவ்வளவு வேறுபாடு இருக்காது. 'க்ளைம்ப் அப் தி ட்ரீ', 'க்ளைம்ப் தி ட்ரீ' இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்புறம், நமக்கே உரிய சிக்கல்: தேவையில்லாத இடத்தில் சேர்ப்பது. 'டிஸ்கஸ் அபவுட்', 'ரீச் டு', 'மேரி வித்', 'அப்ரோச் டு', 'ரிக்வெஸ்ட் ஃபார்', 'எம்ஃபசைஸ் ஆன்' என்று ஒரு படையே இருக்கிறது. இதற்கு இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, பெயர்ச்சொல்லாக வரும்போது இவற்றில் பலவற்றுக்கு ப்ரிபொசிஷன் உண்டு: 'எ டிஸ்கஷன் அபவுட் இட்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார் மனி', 'அன் எம்ஃபசிஸ் ஆன் இட்' எல்லாம் சரி. அதே பழக்கத்தில் வினையிலும் ஒட்டிவிடுகிறோம். இரண்டாவது, மனதுக்குள் நாம் தேர்ந்தெடுக்கும் தமிழ் வினை. 'டிஸ்கஸ்' என்றால் 'பேசு' என்று நினைத்தால் 'அதைப் பற்றி' வந்து, 'அபவுட்'டையும் இழுத்து வரும். 'விவாதி' என்று நினைத்துப் பாருங்கள்: 'அதை விவாதித்தோம்'. 'ரீச்' என்றால் 'போய்ச் சேர்' இல்லை, 'அடை': 'ஊரை அடைந்தான்'. 'மேரி' என்றால் 'மண': 'அவளை மணந்தான்', 'அவளோடு' இல்லை. 'அப்ரோச்' என்றால் 'அணுகு': 'அவரை அணுகினேன்'. 'ரிசெம்பிள்' என்றால் 'ஒத்திரு': 'அப்பாவை ஒத்திருக்கிறான்'. கொஞ்சம் ஏட்டு நடை வினையை எடுத்தால் 'ஐ' உருபு வரும், 'ஐ' வந்தால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ப்ரிபொசிஷன் வேண்டாம். இந்தத் தந்திரம் எல்லா இடத்திலும் பலிக்காது. 'பாட்டைக் கேட்டேன்' என்பதற்கு 'லிசன்' போட்டால் 'டு' வேண்டும், 'அதைப் பார்' என்பதற்கு 'லுக்' போட்டால் 'அட்' வேண்டும். இந்த இரண்டையும் தனியாக மனப்பாடம் செய்துகொள்வதுதான் வழி.

'எனக்கு' என்பதிலும் கவனம் தேவை. 'கிவ் மீ தி புக்' என்று ஆளை முன்னால் வைத்தால் 'டு' உதிரும், 'கிவ் தி புக் டு மீ' என்று ஆளைப் பின்னால் தள்ளினால் 'டு' வந்துவிடும். 'செண்ட்', 'ஷோ', 'டெல்' எல்லாம் இப்படியே. ஆனால் 'எக்ஸ்ப்ளெயின்' இதற்கு இணங்காது. 'எக்ஸ்ப்ளெயின் மீ தி ப்ராப்ளம்' தவறு, 'எக்ஸ்ப்ளெயின் தி ப்ராப்ளம் டு மீ' என்றே வர வேண்டும். 'சஜஸ்ட்', 'டிஸ்க்ரைப்', 'டொனேட்' ஆகியவையும் அதே பிடிவாதம். லத்தீன் வழியில் வந்த நீளமான வினைகள் பெரும்பாலும் 'டு'வை விடாது, ஆங்கிலத்தின் சொந்தக் குட்டி வினைகள் விடும். விதிவிலக்குகள் இருக்கின்றன, 'ப்ராமிஸ்' லத்தீன்தான், 'ஹி ப்ராமிஸ்ட் மீ எ புக்' என்று தாராளமாக வரும்.

கடல் தாண்டினால் வழக்கு மாறும் வினைகளும் உண்டு. 'ரைட் மீ' அமெரிக்கா, 'ரைட் டு மீ' பிரிட்டன். 'அப்பீல் தி வெர்டிக்ட்', 'ப்ரொடெஸ்ட் தி டிசிஷன்' அமெரிக்கா, இந்த இடங்களில் பிரிட்டிஷார் 'அகெய்ன்ஸ்ட்' சேர்ப்பார்கள். எப்போதும் அமெரிக்கர்கள்தான் விடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்: 'தே அக்ரீட் எ ப்ளான்' என்று 'ஆன்' இல்லாமல் எழுதுவது பிரிட்டிஷ் வழக்கம். எந்தப் பக்கம் எழுதினாலும் ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

'ஆஃப்' பற்றிச் சுருக்கமாக. 'ஆல்', 'போத்', 'ஹாஃப்' இவற்றுக்குப் பின் 'ஆஃப்' விருப்பம்: 'ஆல் தி புக்ஸ்', 'ஆல் ஆஃப் தி புக்ஸ்'. 'அஸ்', 'தெம்' போன்றவை வந்தால் கட்டாயம்: 'ஆல் ஆஃப் அஸ்'. 'மோஸ்ட் தி புக்ஸ்' கிடையாது, 'மோஸ்ட் புக்ஸ்' அல்லது 'மோஸ்ட் ஆஃப் தி புக்ஸ்'. 'எ டஜன் எக்ஸ்' என்பதில் 'ஆஃப்' வராது, 'டஜன்ஸ் ஆஃப் எக்ஸ்' என்பதில் வரும்.

வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் நுழையும்போது நடப்பது கொஞ்சம் சுவாரசியமானது. 'ஐ அம் ஷ்யூர் ஆஃப் இட்' சரி. ஆனால் 'இட்' இருந்த இடத்தில் 'தட்' என்று தொடங்கும் துணைவாக்கியம் வந்தால் 'ஆஃப்' போயே ஆக வேண்டும்: 'ஐ அம் ஷ்யூர் தட் ஹி வில் கம்'. 'இன்சிஸ்ட் ஆன்', 'அவேர் ஆஃப்' எல்லாவற்றுக்கும் இதே கதி. 'வெதர்', 'வாட்', 'ஹூ' என்று தொடங்கினால் இரண்டும் செல்லும். 'இட் டிபெண்ட்ஸ் வாட் யூ வான்ட்' பேச்சில் சரளம், எழுத்தில் 'ஆன்' வைப்பது நல்லது. வினை 'இங்' வடிவத்தில் வந்தால் சில இடங்களில் 'இன்' சத்தமில்லாமல் கழன்றுவிடும்: 'ஐ ஸ்பென்ட் தி டே ரீடிங்', 'ஐ ஹேட் டிஃபிகல்ட்டி ஃபைண்டிங் இட்'. ஆனால் 'சக்சீட் இன்', 'இன்டரஸ்டட் இன்' ஆகியவற்றில் கழலாது.

இந்த 'இங்' பக்கம் ஒரு பொறி இருக்கிறது. 'தே ஸ்டாப்ட் ஹிம் ஃப்ரம் கோயிங்' என்பதில் 'ஃப்ரம்' போனாலும் பொருள் மாறாது, 'ப்ரிவென்ட்'டிலும் பிரிட்டிஷார் அதை விடுவார்கள். அதே துணிச்சலில் 'தே கெப்ட் ஹிம் ஃப்ரம் கோயிங்' என்பதில் 'ஃப்ரம்'மைத் தூக்கிவிட்டால் அவனைப் போகவிடாமல் தடுத்தார்கள் என்பது அவனைத் தொடர்ந்து ஓடவைத்தார்கள் என்று நேர் எதிராகத் திரும்பிவிடும்.

இரண்டு சொற்களை 'அண்ட்' போட்டு இணைத்தால் பொதுவான ப்ரிபொசிஷனை ஒரு முறை சொன்னால் போதும்: 'இன் சம்மர் அண்ட் விண்டர்'. ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு வேண்டுமென்றால் எதையும் விழுங்க முடியாது. 'ஷி இஸ் இன்டரஸ்டட் இன் அண்ட் குட் அட் செஸ்' என்று இரண்டையும் எழுத வேண்டும். கேட்க அழகாக இல்லைதான், வாக்கியத்தையே மாற்றி எழுதுவது மேல்.

இப்போது உங்கள் பேனா. 'எழுத ஒரு பேனா கொடு' என்று தமிழில் சொல்லும்போது உருபுக்கே இடமில்லை. 'எழுதப் பேனா', 'எழுதத் தாள்', 'எழுத ஒரு விஷயம்' மூன்றுக்கும் ஒரே 'எழுத'. 'நான் எழுதிய பேனா', 'நான் எழுதிய தாள்' என்று பெயரெச்சமாகச் சொன்னாலும் அப்படியே, பேனா கருவியா இடமா என்பதைக் கேட்பவரே தீர்த்துக்கொள்கிறார். ஆங்கிலம் இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிடக் கறார். 'எ பென் டு ரைட் வித்', 'பேப்பர் டு ரைட் ஆன்', 'சம்திங் டு ரைட் அபவுட்' என்று அந்தச் சின்னச் சொல்லை வாலில் கட்டியே அனுப்பும். 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்', 'எ சேர் டு சிட் ஆன்' என்பவையும் அப்படித்தான். 'டே', 'டைம்', 'வே' போன்ற சொற்களுக்கு மட்டும் விலக்கு: 'தி டே ஹி கேம்', 'தி வே ஷி ஸ்பீக்ஸ்' என்று வால் இல்லாமல் நிற்கும். இடத்துக்கான பொதுச் சொல்லான 'ப்ளேஸ்' கூடத் தப்பித்துக்கொள்ளும், 'எ ப்ளேஸ் டு லிவ்' சரி. 'ஹவுஸ்' தப்பிக்க முடியாது. பேனாவும் முடியாது, அதனால்தான் உங்கள் வாக்கியத்தில் 'வித்' சேர்த்தார்கள்.